மழை காணாத சுவர்

வெங்காயப் பிடிக்கும் சுவருக்கும் நடுவே நாலு விரல் நுழைந்தது. அருந்ததி கையை எடுத்துச் சட்டையில் துடைத்துக்கொண்டு இன்னொரு தரம் வைத்துப் பார்த்தாள். நாலு விரல்தான். சின்னவிரலும் இறுகாமல் போனது.

விதை வெங்காயத்தைப் பிடிபிடியாகக் கட்டிக் கூரையின் கைமரத்தில் கயிறு போட்டுத் தொங்கவிடுவது அந்தப் பக்கத்துத் தோட்டக்காரருக்கு வழக்கம். மாரிமழை ஓய்ந்து நடுகைக்கு இறக்கும்வரை அது நிலத்தில் படாமல் காற்றோட்டமாகக் கிடக்க வேண்டும். ஆவணியில் கட்டும்போது சுவரோரப் பிடிகளின் காய்ந்த தாள் சுவரில் உரசி, சுண்ணாம்பு ஒட்டி வெள்ளையாகக் கிடந்தது. புரட்டாதி முடிய ஒரு விரல் போனது. கயிறு முறுகியிருக்கும் என்று அவள் நினைத்தாள். ஐப்பசியில் இரண்டு விரல். எலி இழுத்திருக்கும் என்று நினைத்தாள். மனிதருக்கு வேண்டாததை நினைக்காமல் இருக்க எத்தனையோ வழி உண்டு. ஆனால் தொங்குகிற கயிறு நேராகத்தான் தொங்கும். நகர்ந்தது சுவர்.

வெளியே மூன்றாவது நாளாக மழை. ஞாயிற்றுக்கிழமை வகுப்பு நடந்துகொண்டிருந்தது. சுவருக்கு அங்காலே, தகரக் கொட்டிலுக்குள், ஐம்பது அறுபது பிள்ளைகள் ஒரே குரலில் ஐதரசன், ஈலியம், இலிதியம் என்று மூலகங்களின் பெயரைச் சொல்லிக்கொண்டிருந்தார்கள். நடுவில் ஒரு பெட்டைக்குச் சிரிப்பு வந்து அடங்கியது. அந்தச் சிரிப்பு தன் காதுக்குள்ளேயே கேட்டதுபோல இருந்தது அருந்ததிக்கு. சுவர் சாய்வது அந்தப் பக்கமாகத்தான்.

இது முன்னர் முழு வீடாக இருந்தது. கோப்பாயிலிருந்து உள்ளே போகிற ஒழுங்கை ஒன்றில், அருந்ததியின் தகப்பன் கட்டிய கல்வீடு. அவருக்கு இரண்டு பெட்டைகள். மூத்தவள் மகாதேவிக்கு வடக்குப் பாதி, இளையவள் அருந்ததிக்குத் தெற்குப் பாதி என்று சீதன உறுதி எழுதினார். காணியைப் பிரிக்கிற மாதிரி வீட்டையும் பிரித்தார். அதைப் பற்றி ஊரில் ஒருவரும் ஆச்சரியப்படவில்லை. அங்கே கிணற்றையே எட்டிலொரு பங்காகப் பிரித்து உறுதி எழுதுவார்கள்.

பதினொரு வருஷத்துக்கு முன்னர் சுவிஸில் இருக்கிற மகாதேவியின் மகன் மாடிவீடு கட்டுவதாகச் சொன்னான். அதற்காக வடக்குப் பாதியை இடித்தார்கள். இடித்த பிறகு அவன் வேறு யோசனைக்குப் போய்விட்டான். அது அவர்களின் தலையெழுத்து. ஆனால் இடிக்கும்போது நடந்தது இரண்டு வீட்டாரின் தலையெழுத்து. எல்லைக் கல்லிலிருந்து எல்லைக் கல்லுக்கு நூல் பிடித்து, நூல் ஓடிய இடத்தில் கூரையைத் தாங்கிய முகட்டு வளையை அரிய வேண்டும் என்றார்கள். ஒரே பனையில் அரிந்தெடுத்த நீள வளை அது. தச்சன் தயங்கினான். சுவருக்கு அங்காலே ஒரு முழமாவது விட்டு அரியட்டோ, சுவருக்குப் பிடிமானமாக இருக்கும் என்று கேட்டான். வேண்டாம், நூலிலேயே அரி என்று இரண்டு பக்கமும் ஒன்றாகச் சொன்னார்கள். அதற்குப் பிறகு அவர்கள் ஒத்துப்போன விஷயம் ஒன்றும் இல்லை. தூசு பறந்தது, ஓடு விழுந்தது, ஒரு சொல் கூடிப்போனது. அன்றோடு கதைபேச்சு நின்றது.

மகாதேவி பின்பக்கத்து அறை ஒன்றில் மகளோடும் மருமகனோடும் இருந்துகொண்டாள். வெறும் நிலத்தில் மருமகன் கோபிசங்கர் தகரக் கொட்டில் போட்டு ரியூசன் நடத்தினான். கெட்டிக்கார மாஸ்டர். சாவகச்சேரியிலிருந்தும் பிள்ளைகள் வந்தார்கள். தங்கச்சிக்கு ஏதும் சொல்ல வேண்டுமென்றால் மகாதேவி தன்னுடைய ஆட்டுக்குச் சொல்லுவாள். வேலியோரம் கட்டி நிற்கும் அந்தக் கறுப்பாட்டுக்குத் தெரியாத குடும்ப விஷயம் இல்லை. அருந்ததி கேட்டுக்கொண்டிருப்பாளே தவிர ஒரு நாளும் பதில் சொன்னதில்லை.

அருந்ததியின் புருஷன் தியாகராசா ஆட்டோடு பேசுகிறவரல்ல. சங்கக்கடை மனேச்சராக இருந்து இளைப்பாறியவர். அவருக்கு எழுத்துத்தான் கை. ரியூசனால் சத்தம் என்று பிரதேச சபைக்கு ஒரு பெட்டிசம், ஒழுங்கையில் சைக்கிள் நிற்கிறது என்று ஒரு பெட்டிசம், மலசலகூடம் போதாது என்று ஒரு பெட்டிசம். கார்பன் தாள் வைத்து நாலு பிரதி எடுத்து, எந்தெந்த அரசாங்கக் கந்தோருக்கு எது என்று நூலில் கட்டி வைத்திருந்தார்.

திங்கட்கிழமை அவர் கோயில் கூட்டத்துக்குப் போன நேரம் பார்த்து அருந்ததி தம்பிஐயா மேசனைக் கூப்பிட்டனுப்பினாள். அறுபது வயசு தாண்டியவர். தகப்பன் காலத்தில் இந்த வீட்டுக்குக் கல் தூக்கிய ஆள்களில் அவரும் ஒருவர். வந்ததும் சுவரில் விரல் கணுவால் தட்டித் தட்டிக் காது கொடுத்துக் கேட்டார். மேலே வளை வந்து இருக்கிற இடத்தை அண்ணாந்து பார்த்தார். பிறகு, அவள் கொடுத்த பிளேன்ரீயைக் குடிக்காமல் கையில் வைத்துக்கொண்டு நின்றார்.

"உது உள்ளுக்கை நிண்ட சுவர், தங்கச்சி. வெளிச்சுவருக்குத்தான் உங்கடை ஐயா சுண்ணாம்புச் சாந்து வைச்சுக் கட்டினவர். உள்சுவருக்குக் களிமண். அது மழை காணாதெண்டு நினைச்சுக் கட்டின சுவர். அதை நீங்கள் பதினொரு மாரிக்கு வாடைக்காத்திலை நிப்பாட்டி வைச்சிருக்கிறியள். வெளியாலை ஒரு பூச்சுக்கூட இல்லை."

"பூசிறதெண்டால் அக்காவின்ரை காணிக்குள்ளை நிண்டெல்லே பூச வேணும், அண்ணை."

"ஓம். அதுதான் நீங்களும் கேக்கேல்லை. அவையும் விடேல்லை." அவர் பிளேன்ரீயை ஒரு வாய் குடித்தார். "இப்ப மேலை வளையின்ரை பாரம் தள்ளுது. கீழை அவையின்ரை தகரத்துத் தண்ணி முழுக்க உதின்ரை அடியிலைதான் விழுகுது. மண் கரைஞ்சு போச்சு. அங்காலை போய்ப் பாத்தால் தெரியும், வயிறு வைச்சிருக்கும்."

"விழுமோ?"

"விழும்."

"எப்ப?"

"அது எனக்குத் தெரிஞ்சால் நான் ஏன் மேசன் வேலை செய்யிறன்."

வழி இரண்டுதான் என்றார். அங்காலே நின்று முட்டுச் சுவர் கட்டலாம். அதற்கு மகாதேவி விட வேண்டும். இல்லாவிட்டால் வளையை உள்ளே முண்டுமரம் கொடுத்துத் தாங்கிவிட்டு, மேலேயிருந்து ஒவ்வொரு கல்லாக இங்காலே கழற்றி இறக்கலாம். இறக்கினால் வீட்டுக்கு ஒரு பக்கம் திறந்து கிடக்கும். மாரி முடியும்வரை கட்டவும் முடியாது. அந்த அறையில் ஒருவரும் படுக்க வேண்டாம் என்று சொல்லிவிட்டு, குடிக்காத பாதியைத் திண்ணையடியில் வைத்துவிட்டுப் போனார்.

அந்த அறையில் ஒருவரும் படுக்க வேண்டாமாம். அதுதான் உதயகலாவின் கலியாண அறை.

உதயகலா ஒரே மகள். இருபத்தொன்பது வயது. தெல்லிப்பழை ஆஸ்பத்திரியில் வேலை. சாதகக் குறிப்புப் பொருந்தாமல், பொருந்தினது வேறு ஏதோ காரணத்தால் தவறி, கடைசியில் சாவகச்சேரியில் ஒரு இடம் சரிவந்திருந்தது. வருகிற வெள்ளிக்கிழமை மாப்பிள்ளை வீட்டார் சீதன வீட்டைப் பார்க்க வருகிறார்கள். அதற்காக அந்த அறைக்கு உள்ளே நீலப் பெயின்ற் அடித்திருந்தது. மூலையில் வெடிப்பு இரண்டாம் தரமும் பெயின்றைக் கிழித்துக்கொண்டு வந்தது.

இரவுச் சாப்பாட்டுக்குப் புட்டும் சம்பலும் போட்டுக் கொடுத்துவிட்டு அருந்ததி விஷயத்தைச் சொன்னாள். தியாகராசா முதலில் தம்பிஐயாவின் அறிவைப் பற்றிப் பேசினார். பிறகு மகாதேவி வீட்டாரின் குணத்தைப் பற்றிப் பேசினார். பதினொரு மாரிக்கு நின்ற சுவர் பன்னிரண்டாவதுக்கும் நிற்கும், கலியாணம் முடியட்டும், தையில் பார்ப்போம் என்றார்.

"பிள்ளையள் இருக்கினம், இஞ்சாருங்கோ."

"இருக்கட்டும். ஆர் இருக்கச் சொன்னது? நான் மூண்டு வருஷமாய் எழுதிக்கொண்டுதானே இருக்கிறன், உதிலை பிள்ளையளை வைச்சிருக்கக் கூடாதெண்டு."

அடுத்த நாள் காலையில் அவர் தனியாளாக மூச்சு வாங்கி அலுமாரியை நகர்த்தி வெடிப்புக்கு முன்னால் வைத்தார். மிச்சம் தெரிந்த இடத்துக்கு ஒரு கலண்டர். அலுமாரி அங்கே வந்த பிறகு அறை பார்வைக்கு வடிவாகத்தான் இருந்தது. அதைப் பார்க்க அருந்ததிக்கு இன்னும் பயமாக இருந்தது.

அவர் பத்திரிகையோடு இருக்க, மரக்கறி விற்கப் போவதாகச் சொல்லி முருங்கைக்காய்க் கட்டோடு பஸ் ஏறினாள். கட்டைச் சந்தையில் இறக்கிவிட்டு நேரே பிரதேச சபைக்குப் போனாள். கட்டிடங்களைப் பார்க்கிற உத்தியோகத்தர் மரியாதையான மனிதர். கதிரை காட்டினார். ஒழுங்கையின் பெயரைச் சொன்னதும் அவருடைய முகத்தில் ஒரு களைப்பு வந்தது. எழுந்து போய் ஒரு கோவையை எடுத்து வந்து மேசையில் வைத்தார். தலையணைப் பருமன் இருந்தது.

"இதெல்லாம் உங்கடை அவரின்ரை, அம்மா."

ஒரு தாளை எடுத்து அவள் பக்கம் திருப்பினார். புருஷனுடைய எழுத்து, முத்து முத்தாக. மேற்படி கொட்டிலை அண்டிய சுவரானது ஒன்றரை அடி சாய்ந்து எந்நேரமும் விழக்கூடிய நிலையில் உள்ளதாலும், மாணவர்களின் உயிருக்கு ஆபத்து நேரும் என்பதாலும், வகுப்புகளை உடன் நிறுத்துமாறு தயவுடன் கேட்டுக்கொள்கிறேன். மூன்று வருஷத்துக்கு முந்திய திகதி. அப்போது சுவர் நேராக நின்றது. ரியூசனை மூட வைக்க வேண்டும் என்பதற்காகத் தன்னுடைய சுவரையே அவர் எழுத்தில் சாய்த்திருந்தார்.

"நான் வந்து தூக்குக்குண்டு பிடிச்சுப் பாத்தனான். ஒரு நூல் விலகேல்லை. சுவர் நல்ல நிலையில் உள்ளதெண்டு அடியிலை எழுதிக் கையெழுத்து வைச்சிருக்கிறன். பாருங்கோ. அவரிட்டைக் கேட்டதுக்குக் கண்ணுக்குச் சரிஞ்சதுபோலை தெரிஞ்சது எண்டவர்."

"இப்ப மெய்யாய்ச் சரிஞ்சிட்டுது, ஐயா. நாலு விரல்."

அவர் சிரிக்கவில்லை. அது அவருடைய நல்ல குணம். வீட்டு உறுதி ஆருடைய பெயரில் என்று மட்டும் கேட்டார். என்ரை பேரிலை, சீதனம் என்றாள்.

"அப்ப நீங்கள் எழுதித் தாங்கோ. வெள்ள வேலை இருக்கு, தையளவிலை வரலாம். ஆனால் ஒண்டு, வந்து பாத்து நீங்கள் சொல்லுறது மெய்யெண்டால், குடியிருக்க உகந்ததில்லை எண்டு நான் கதவிலை ஒட்ட வேணும். ஏழு நாளிலை வெளிக்கிட வேணும். விளங்குதோ அம்மா?"

விளங்கியது. பேனை கையில் இருந்தது. தை வரைக்கும் சுவர் காத்திராது. எழுதினால் வீடு போகும், எழுதினதால் பிள்ளைகளுக்கும் ஒரு நன்மையும் வராது. உதயகலா ஆஸ்பத்திரியால் வந்து, வெள்ளிக்கிழமைக்கென்று தைத்த சட்டையைப் போட்டுக் கண்ணாடியில் பார்த்தது ஞாபகம் வந்தது. அருந்ததி பேனையை மேசையில் வைத்துவிட்டு எழுந்தாள். பஸ்ஸில் இருக்க வெட்கத்தில் அவளுக்குக் கண் கலங்கியது. வெளியே மழை பெய்துகொண்டேயிருந்தது.

புதன்கிழமை ஐந்து விரல்களையும் சேர்த்து வைக்க முடிந்தது. பின்னேரம் மூன்று மணி வகுப்புக்குப் பிள்ளைகள் வந்து சேரும் நேரம் குடையைப் பிடித்துக்கொண்டு ஒழுங்கையால் சுற்றிக்கொண்டு போனாள். வேலிக்கு அங்காலே இருபது அடி. போய்ச் சேரப் பதினொரு வருஷம் எடுத்தது.

தன்னுடைய சுவரின் வெளிமுகத்தை அவள் அன்றைக்குத்தான் கண்டாள். உள்ளே நீலமும் கலண்டருமாக இருந்த சுவர் வெளியே தோல் உரிந்து கிடந்தது. கல்லுக்குக் கல் இருந்த மண்ணை மழை தின்றுவிட்டது. இடுக்குகளில் பன்னச்செடி முளைத்திருந்தது. நடுவில், தம்பிஐயா சொன்னபடி, நிறைமாதக்காரி போல வயிறு வைத்து நின்றது. அந்த வயிற்றில் பத்துப் பதினைந்து சைக்கிள்கள் சாத்திக் கிடந்தன. ஒரு பெட்டை கல் இடுக்கில் குடையின் பிடியைக் கொளுவிவிட்டு உள்ளே ஓடினாள். அருந்ததி அண்ணாந்தபோது கொட்டிலின் முகடு தெரிந்தது. பனைவளை. நுனியில் அரிந்த வாள் தடம். அவளுடைய வீட்டு முகட்டு வளையின் மற்றப் பாதியைத்தான் கோபிசங்கர் தகரத்துக்குப் போட்டிருந்தான்.

கோபிசங்கர் வெண்கட்டித் தூசோடு வெளியே வந்தான். வாங்கோ சின்ன மாமி என்று மரியாதையாகத்தான் சொன்னான். அவள் எல்லாவற்றையும் சொன்னாள். விரல் கணக்கையும் சொன்னாள், தம்பிஐயா சொன்னதையும் சொன்னாள். இரண்டு கிழமைக்கு வகுப்பை வேறு எங்காவது வைக்கச் சொல்லிக் கேட்டாள். அவன் பொறுமையாகக் கேட்டான்.

"சின்ன மாமா எழுதிப் பாத்தார், சரிவரேல்லை. இப்ப உங்களை விட்டிருக்கிறார் போலை."

"இல்லை தம்பி. நான் வந்தது அவருக்குத் தெரியாது."

"சோதினைக்கு இன்னும் மூண்டு மாதந்தான் கிடக்கு. அறுபது பிள்ளையளை நான் மழைக்கை எங்கை கொண்டுபோய் இருத்திறது? சபைக்காரரே வந்து சுவர் நல்ல நிலையிலை இருக்கெண்டு எழுதித் தந்திருக்கினம். அந்தக் கடிதத்தின்ரை கொப்பி என்னட்டை இருக்கு."

அவனைக் குற்றம் சொல்ல முடியாது. பொய்ப் பெட்டிசம் எழுதி, அந்தக் கடிதம் அவன் கைக்குப் போக வழி செய்தது தியாகராசாதான்.

பின்பக்கத்து அறை வாசலில் மகாதேவி பலாக்குழையோடு நின்றாள். தலை நரைத்துவிட்டது. இவ்வளவு கிட்ட நின்று பார்க்காததால் அது அருந்ததிக்குத் தெரியாமல் போயிருந்தது. மகாதேவி அவளைப் பார்க்கவில்லை. குழையை ஆட்டின் வாயில் கொடுத்துக்கொண்டு ஆட்டோடு கதைத்தாள்.

"கேட்டியே, சுவர் விழப்போகுதாம். விழுகிறதெண்டால் ஆரின்ரை சுவரோ அவையின்ரை பக்கம் விழட்டுமன். எங்களுக்கு ஏன் சொல்லுவான்."

அருந்ததி திரும்பி நடந்தாள். குடை கையில் மடிந்தபடியே இருந்தது. வீட்டுக்கு வந்து நனைந்த தலையோடு அடுப்படியில் இருந்தாள். அக்காவில் கோபம் வந்தது. அந்தக் கோபம் மெல்ல அடங்க, சொன்னது மட்டும் மிஞ்சி நின்றது. அவையின்ரை பக்கம் விழட்டுமன். அது ஒரு வழிதான். தம்பிஐயா சொன்ன இரண்டாவது வழி. அதற்கு மகாதேவி விட வேண்டியதில்லை, சபை வர வேண்டியதில்லை. உறுதிக்காரி ஒருத்தி சொன்னால் போதும்.

வியாழக்கிழமை விடிய தம்பிஐயா இரண்டு முண்டுமரமும் கல் கிளப்புகிற அலவாங்குமாக வந்து நின்றார். தியாகராசா முகம் கழுவிக்கொண்டு நின்றவர், வாளியை வைத்துவிட்டு வந்தார். ஆரைக் கேட்டு என்று தம்பிஐயாவிடம் கேட்டார். தம்பிஐயா அருந்ததியைப் பார்த்தார்.

"என்னைக் கேட்டு," என்றாள் அருந்ததி.

"நாளைக்கு அவை வருகினம். தெரியுமோ?"

"தெரியும்."

"பிள்ளையின்ரை சீவியத்தை இடிக்கப்போறாய்."

"என்ரை பிள்ளையின்ரை கலியாணந்தான் நிக்கும். அங்காலை அறுபது பிள்ளையள்." அவள் அறைப்பக்கம் கையைக் காட்டினாள். "நீங்கள் பொய்யாய்ச் சரிச்ச சுவர், இஞ்சாருங்கோ. இப்ப மெய்யாய்ச் சரிஞ்சு நிக்குது. ஒருத்தரும் நம்புகினமில்லை. நான் இனி ஆரிட்டைப் போறது?"

சபைக்குப் போய்வந்தாள் என்பது அப்போதுதான் அவருக்கு விளங்கியிருக்க வேண்டும். அருந்ததி உள்ளே போய் முதலில் வெங்காயப் பிடிகளை ஒவ்வொன்றாக அவிழ்த்து, குழந்தைப்பிள்ளையைத் தூக்குகிறதுபோல இரண்டு கையாலும் தூக்கிக் கொண்டுபோய் அடுப்படியில் சாக்குப் போட்டு அடுக்கினாள். பிறகு அலுமாரியைத் தள்ளிப் பார்த்தாள். அசையவில்லை. இன்னொரு தரம் தள்ளினாள். மற்றப் பக்கம் பாரம் குறைந்தது. தியாகராசா வந்து பிடித்திருந்தார். முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டு, தான் கொண்டுவந்து வைத்த அலுமாரியைத் தானே தூக்கிக்கொண்டு போனார்.

முண்டு கொடுக்கவே எட்டரையாகிவிட்டது. ஓட்டைக் கழற்றி, சாரம் போட்டு ஏறி, தம்பிஐயா மேல்வரியில் அலவாங்கை வைத்தார். குத்த வேண்டியிருக்கவில்லை. தொட்டவுடன் கல் பல் ஆடுகிறதுபோல ஆடியது. அதை இங்காலே இழுத்து இறக்கிக் கொடுக்க, அருந்ததி வாங்கி முற்றத்தில் போட்டாள். கல்லுக்குக் கல் நடுவே ஈரக் களி, பிசைந்த மாவைப்போல. ஒரு கல், இரண்டு கல், நூறு கல். நீலப் பெயின்ற் துண்டு துண்டாகக் காலடியில் கிடந்தது. பத்து மணிக்கு அவளுடைய கை தோல் உரிந்தது. பழஞ்சேலைத் துண்டைச் சுற்றிக்கொண்டு வாங்கினாள். பதினொன்றுக்கு மழை விட்டது. அப்போது தியாகராசா சால்வையைத் தலையில் கட்டிக்கொண்டு வந்து வரிசையில் நின்று கல்லை வாங்கினார். மத்தியானம் குழையல் சோறு ஆளுக்கு ஒரு உருண்டை, நின்ற நிலையில்.

இரண்டு மணிக்குச் சுவர் இடுப்பளவில் நின்றது. இனி விழுந்தால் கால்நகம் போகும், உயிர் போகாது என்று சொல்லித் தம்பிஐயா இறங்கினார். அருந்ததி நிமிர்ந்தாள். வீட்டுக்குள் நின்றபடி அக்காவின் முற்றம் தெரிந்தது, ஆடு தெரிந்தது, கொட்டிலுக்குள் வாங்குமேசை தெரிந்தது. அங்காலே மகாதேவி நின்றாள். எவ்வளவு நேரமாக நின்றாளோ. அவள் வளர்ந்த வீட்டின் மிச்சப் பாதியைப் பார்த்துக்கொண்டு நின்றாள். கண்கள் ஒருதரம் சந்தித்து விலகின.

மூன்று மணிக்குப் பிள்ளைகள் வந்தார்கள். சைக்கிளைச் சாத்த இடமில்லாமல் குழம்பி, வேலியோடு விட்டுவிட்டு, வாய் பார்த்தபடி இருந்தார்கள். ஐதரசன், ஈலியம். அருந்ததி அடுப்படிக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அழுதாள். யாருக்கும் ஒன்றும் நடக்கவில்லை என்பதால் யாருக்கும் ஒன்றும் தெரியவும் இல்லை. அவள் ஏன் அழுகிறாள் என்று அந்தப் பிள்ளைகளைக் கேட்டால், கலியாண வீட்டை இடித்த, புத்தி பிசகிய விசரி என்றுதான் சொல்லியிருப்பார்கள்.

கோபிசங்கரும் அப்படித்தான் நினைத்தான். அனுமதியில்லாமல் கட்டிடம் இடிக்கிறார்கள், வகுப்புக்கு இடைஞ்சல் என்று அன்றைக்கே எழுதி, மோட்டார் சைக்கிளில் கொண்டுபோய்ச் சபையில் கொடுத்துவிட்டு வந்தான். அவன் அதற்கு முன்னர் ஒரு பெட்டிசமும் போடாதவன். அதனால் அடுத்த நாள் காலை ஒன்பது மணிக்கே உத்தியோகத்தர் வந்துவிட்டார்.

அவர் முற்றத்தில் குவிந்து கிடந்த கல்லையும் களியையும் பார்த்தார். ஒரு கல்லை எடுத்து, ஒட்டியிருந்த களியை விரலால் நசித்துப் பார்த்தார். நின்ற சுவரில் தூக்குக்குண்டைப் பிடித்தார். வெகுநேரம் பிடித்துக்கொண்டு நின்றார்.

"நீங்கள் சொன்னது மெய்தான், அம்மா," என்றார். "நான் அண்டைக்கே வந்திருக்கவேணும்."

சொல்லிவிட்டு, சட்டப்படி செய்ய வேண்டியதையும் செய்தார். கூரைக்குப் பிடிமானம் போனதால் மற்றச் சுவர்களையும் நம்ப முடியாது. குடியிருக்க உகந்ததல்ல, ஏழு நாள். முன்கதவில் கடதாசியை ஒட்டும்போது பசை காயாத காற்று. இரண்டு தரம் விழுந்தது. மூன்றாம் தரம் அருந்ததியே ஒரு மூலையைப் பிடித்துக்கொண்டாள்.

மத்தியானம் சாவகச்சேரியிலிருந்து தொலைபேசி வந்தது. கேள்விப்பட்டார்களாம். வீட்டு அலுவல் ஒரு மாதிரிச் சரிவரட்டும், பிறகு பார்ப்போம், இப்போது வரவில்லை என்றார்கள். பிறகு பார்ப்போம் என்றால் என்ன என்பது பெட்டை வைத்திருக்கிற எல்லாருக்கும் தெரியும். தியாகராசா மேசையை வராந்தாவுக்கு இழுத்துப் போட்டுத் தாள் எடுத்தார். கார்பன் வைத்தார். திகதி எழுதினார். ஆருக்கு எழுதுவது, ஆருக்கு எதிராக எழுதுவது என்ற இடத்தில் பேனை நின்றது.

புதன்கிழமை வேலைக்குப் போய் இரண்டு இரவும் ஆஸ்பத்திரியிலேயே தங்கிய உதயகலா ஒரு மணி பஸ்ஸில் வந்தாள். கதவில் ஒட்டியிருந்ததை வாசித்தாள். அறைக்குப் போய், சுவர் இருந்த இடத்தில் வெளிச்சத்தைப் பார்த்துக்கொண்டு நின்றாள். தாய் பின்னால் வந்து நின்றது தெரிந்தும் திரும்பவில்லை.

"எனக்கு முதலே சொல்லியிருக்கலாம், அம்மா."

"சொல்லியிருந்தால் என்ன செய்திருப்பாய்?"

"ஒரு நாள் லீவு போட்டிருப்பன். கல்லுத் தூக்க."

உடுப்பை மாற்றிக்கொண்டு வந்து தாயின் கையை விரித்துப் பார்த்து, ஆஸ்பத்திரிக்காரியின் கையால் மருந்து பூசித் துணி சுற்றினாள். கலியாணத்தைப் பற்றி ஒரு சொல் இல்லை. அந்த ஒரு சொல்லைக் கேட்டுவிட்டால் நெஞ்சு ஆறும் போல இருந்தது அருந்ததிக்கு. மகள் அதைத் தரவில்லை.

நாலு மணிக்கு வானம் திரும்பவும் கறுத்தது. அடுப்படியில் சாக்கின்மேல் கிடந்த வெங்காயத்தில் அடிப்பிடிகள் வேர்க்கத் தொடங்கியிருந்தன. இன்னும் இரண்டு நாள் நிலத்தில் கிடந்தால் அழுகும். பிறகு மார்கழியில் நட ஒன்றும் இராது. தொங்கவிட வீட்டில் இனி நம்பக்கூடிய வளையும் இல்லை. ஏழு நாளில் எங்கே போவது என்றும் தெரியவில்லை. எதை முதலில் நினைப்பது என்று தெரியாமல், ஒரு பிடியைக் கையில் வைத்துக்கொண்டு அருந்ததி இடுப்பளவுச் சுவரடியில் வந்து நின்றாள்.

மகாதேவி ஆட்டை அவிழ்த்துக்கொண்டு வந்தாள். மழைக்கு முன்னர் கட்ட வேண்டிய ஆட்டைக் கட்டாமல் சுவருக்கு அங்காலே கொண்டுவந்து நிறுத்தி, அதன் முதுகைத் தடவிக்கொண்டு நின்றாள். தங்கச்சியின் கையில் சுற்றியிருந்த துணியைப் பார்த்தாள்.

"கொட்டில் வளை வெறுமனேதான் கிடக்கு," என்று ஆட்டுக்குச் சொன்னாள். "அதுவும் இவையின்ரை வளைதானே. வெங்காயத்தை நிலத்திலை போட்டு அழுக விடுற ஆக்களும் இருக்கினம், பார்."

ஆடு இரண்டு பேரையும் பார்த்தது. முதல் துளி கல்லில் விழுந்தது. பதினொரு வருஷமாகக் கேட்டுக்கொண்டு மட்டும் இருந்த அருந்ததி, அக்காவைப் பார்க்க மனம் துணியாமல், ஆட்டைப் பார்த்தபடியே பதில் சொன்னாள்.

"இருட்ட முன்னம் கொண்டுவாறன் எண்டு சொல்லு."